தானியங்கி வாட்ச் நிற்பதற்குக் காரணம் பேட்டரி அல்ல

ஆசிரியருக்கு,

பேட்டரி இல்லாமல், கை அசைவால் ஸ்பிரிங் சுற்றி ஓடும் தானியங்கி கைக்கடிகாரத்தை அதிகம் குலுக்கினால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது வீண் பயம். உள்ளேயுள்ள பிரதான ஸ்பிரிங்கின் வெளிமுனை, அது அடங்கியிருக்கும் டப்பாவின் சுவரில் மாட்டப்பட்டிருக்காது; உராய்வால் மட்டுமே பிடித்திருக்கும். முழுதாகச் சுற்றியதும் வழுக்கிவிடும். ஆனால் சர்வீஸின்போது அந்தச் சுவரில் தவறான கிரீஸ் தடவினால் முன்கூட்டியே வழுக்கும், முழுச் சுற்று ஏறாது. இரவில் கழற்றி வைத்தது காலையில் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊரில் பரவலாகக் கிடைத்துவந்த பழைய சீகோ 5 வாட்ச்சின் 7எஸ்26 இயந்திரம் முழுச் சுற்றில் சுமார் 40 மணி நேரம் ஓடும். நேரம் வைக்கப் பக்கவாட்டில் இருக்கும் அதன் திருகைச் சுற்றினால் ஸ்பிரிங் ஏறாது. பழைய சாவி வாட்ச் பழக்கத்தில் திருகோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. நின்றுபோயிருந்தால் வாட்ச்சைக் கிடையாகப் பிடித்து 20, 30 முறை பக்கவாட்டில் மெதுவாக ஆட்டி, பிறகு கட்டிக்கொண்டால் போதும். மீதியைக் கை பார்த்துக்கொள்ளும். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சுற்று போதாமல் போகலாம்.

வாட்ச் இரவு 9 முதல் அதிகாலை 4 வரை காட்டும்போது தேதியை மாற்றாதீர்கள். அப்போது தேதியை நகர்த்தும் பற்சக்கரங்கள் கோத்திருக்கும், பல் உடையலாம். திடீரென்று நாளுக்குச் சில நிமிடங்கள் வேகமாக ஓடினால் காந்தம் ஏறியிருக்கலாம். ஸ்பீக்கர், கைப்பேசி உறையின் காந்தப் பூட்டு ஆகியவை பொதுவான குற்றவாளிகள். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி வேலைதான். அதற்காக முழு சர்வீஸ் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

– வாசகர், திருச்சி