சம்பந்திக்குச் சின்னம் வாங்குமுன்

அன்பு மகளுக்கு,

சம்பந்தியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அவருடைய குடும்பப் பெயருக்குரிய கோட் ஆஃப் ஆர்ம்ஸை, அதாவது கேடயத்தில் வரையும் பரம்பரைச் சின்னத்தை, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எடின்பரோ கடையில் பார்த்த அந்தப் படத்தை வாங்காதே அம்மா. பிரிட்டனில் குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. சின்னத்தை ஓர் ஆளுக்குத்தான் வழங்குவார்கள். அது சொத்துபோல அவருடைய வாரிசுகளுக்கு இறங்கும். அதே பெயர் கொண்ட மற்றவர்களுக்கு அதில் பங்கில்லை.

ஷேக்ஸ்பியரையே எடுத்துக்கொள். 1596இல் அவருடைய தந்தை ஜானுக்குச் சின்னம் வழங்கினார்கள். பொன்னிறக் கேடயம், பார்ப்பவருக்கு இடப்புற மேல்மூலையிலிருந்து வலப்புறக் கீழ்மூலைக்குச் சரிந்து இறங்கும் கறுப்புப் பட்டை, பட்டையின்மேல் வெள்ளி முனை கொண்ட பொன் ஈட்டி. பெயரில் இருக்கும் ‘ஸ்பியர்’ என்றால் ஆங்கிலத்தில் ஈட்டி; அதையே படமாக்கிவிட்டார்கள். கேடயத்துக்கு மேலே ஈட்டியைப் பிடித்தபடி இறக்கை விரித்து நிற்கும் ராஜாளி. அந்த ராஜாளி மட்டும்தான் கிரெஸ்ட். மொத்தப் படத்தையும் ‘ஃபேமிலி கிரெஸ்ட்’ என்று விற்பவருக்கு விஷயம் தெரியாது என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம். அதே ஆண்டு ஆகஸ்டில் கவிஞரின் ஒரே மகன் ஹாம்னெட் இறந்தான். தம்பிகள் வழியிலும் ஆண் வாரிசு நிலைக்கவில்லை. இங்கிலாந்தில் சின்னம் ஆண்வழியில் இறங்குவது வழக்கம். ஆகவே இன்று ஷேக்ஸ்பியர் என்ற பெயருள்ள யாரும் பெயரை மட்டும் காட்டி அந்த ஈட்டிக்கு உரிமை கோர முடியாது.

நீ இருக்கும் ஸ்காட்லாந்தில் கெடுபிடி இன்னும் அதிகம். 1672இல் வந்த சட்டப்படி எல்லாச் சின்னங்களும், சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லயன் நீதிமன்றத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். உரிமையில்லாமல் பயன்படுத்துவது அங்கே குற்றம். மூல வடிவம் தலைமை வாரிசு ஒருவருக்கே. இளைய மகன்கள் ஒரு மாற்றத்தோடு, பெரும்பாலும் கேடயத்தைச் சுற்றி வண்ணக்கரை சேர்த்து, தனியாகப் பதிய வேண்டும். சம்பந்தி அந்த வம்சத்தவராகவே இருந்தாலும் இளைய கிளை என்றால் கடைப்படம் அவருடையது ஆகாது.

உண்மையிலேயே அவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் பெயரிலிருந்து தொடங்காதே, ஆளிலிருந்து தொடங்கு. அவருடைய பிறப்புச் சான்றிதழ், அதிலிருந்து பெற்றோரின் திருமணச் சான்றிதழ், அதிலிருந்து தாத்தா என்று ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போ. ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855 ஜனவரியில் தொடங்குகிறது; அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள்தான். 1855ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவு கிடைத்தால் அது புதையல்: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், மணமான இடம் எல்லாம் இருக்கும். அடுத்த ஆண்டே அவற்றில் பலவற்றைக் குறைத்துவிட்டார்கள். ஒரு படியை ஊகத்தால் தாண்டினால் அதற்கு மேல் இருப்பதெல்லாம் வேறு யாருடைய தாத்தாவோ. ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு ஜேம்ஸ்கள் இருக்கும் இடத்தில்தான் பலரும் வழிதவறுகிறார்கள்.

சம்பந்தி வீட்டில் பழைய வெள்ளிக் கரண்டியோ புத்தகங்களில் ஒட்டிய பெயர்ச்சீட்டோ இருந்தால், அதில் கேடயம் இருக்கிறதா என்று பார். நிறமில்லாத செதுக்கலில் கோடுகளே நிறத்தைச் சொல்லும்: புள்ளிகள் பொன், வெற்றிடம் வெள்ளி, செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், இரண்டும் குறுக்கிட்டால் கறுப்பு. முத்திரை மோதிரமாக இருந்தால் படம் இடவலம் மாறியிருக்கும். மெழுகில் பதித்துப் பார்த்தால் சரியாகத் தெரியும். கிரெஸ்ட் மட்டும் இருந்தால் அதை ஆதாரமாக எடுக்காதே. வடிவப் புத்தகத்தைப் பார்த்துப் பிடித்ததைச் செதுக்கிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

பிறந்தநாளுக்குள் இத்தனையும் முடியாது. அவருடைய குடும்பம் ஏதாவது கிளானை, அதாவது ஒரு தலைவரின் கீழ் வரும் ஸ்காட்லாந்துக் குலத்தைச் சேர்ந்ததா என்று மாப்பிள்ளையிடம் கேள். சேர்ந்தது என்றால் அந்தக் குலத் தலைவரின் கிரெஸ்டைச் சுற்றி வார்ப்பட்டையும் கொக்கியும் போட்ட பேட்ஜை அவர் தாராளமாக அணியலாம். கிரெஸ்ட் தலைவருடையது, அணிபவர் அவருடைய ஆள் என்று காட்டுவதே அந்த வார்ப்பட்டை. வெள்ளியில் நன்றாகச் செய்தது ஒன்று வாங்கு.

மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா எந்த ஊரில் பிறந்தார் என்பதையும் கேட்டு எழுது. எந்தப் பதிவேட்டில் தொடங்கலாம் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா