காகிதம்தானே என்று எழுதியிருந்தாய்

பள்ளத்தூர்
மாசி, 2026

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடத் தாமதமானதற்கு வீட்டு வேலைதான் காரணம். வைகாசியில் பேத்தி கல்யாணம். ஊர் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். அதனால் ஓடு மாற்றி, வளவு முழுக்கச் சுண்ணாம்பு அடித்து, வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்த அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருக்கிறோம். ஆச்சிக்கு முட்டிவலி குறைந்ததா? நீங்கள் இரண்டு பேரும் ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட வேண்டும்.

உன் கடிதத்தின் கடைசிப் பாராவைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தமான ‘நியூ ஸ்டார்ட்’டும் பிப்ரவரி 5-ஆம் தேதியோடு முடிந்துபோனதைச் சொல்லிவிட்டு, “எல்லாம் வெறும் காகிதம்தானே பங்காளி, வேண்டாமென்றால் கிழித்துப் போடுகிறார்கள்” என்று எழுதியிருந்தாய். கல்பாக்கத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நீ. அணுவைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊரில் பிறந்த ஒருவன் காகிதத்தை அப்படிச் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது. அதுவும் அன்றைக்குக் காலையில்தான் ஐயாவின் பெட்டியைத் திறந்திருந்தேன்.

தேக்குப் பெட்டி. உள்ளே சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு பேரேடு, ரங்கூன் வட்டிக்கடைக் கணக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பிள்ளையார் சுழி, அதன் கீழே வருஷம், மாதம், தேதி. கடைசியாக எழுதியிருப்பது விஷு வருஷம் மார்கழி மாதம். நெல்லுக்காகக் கடன் வாங்கிய ஒரு பர்மாக்காரரின் பெயர், வட்டி, பாக்கி. அதற்குப் பிறகு அறுபது எழுபது தாள் வெறுமையாக இருக்கிறது. கரையான்கூடத் தொடவில்லை. மை இன்னும் கருப்பாகவே இருக்கிறது.

அந்த மார்கழி, 1941 டிசம்பர். 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. மறுபடி 25-ஆம் தேதி. அதன் பிறகு பர்மாவை விட்டுக் கிளம்பிய இந்தியர்கள் ஏறத்தாழ 5 லட்சம் பேர். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் மலையும் காடும் தாண்டி நடந்தார்கள், பல ஆயிரம் பேர் காலராவிலும் பசியிலும் வழியிலேயே போய்விட்டார்கள். ஐயா நடந்து வந்தவர். இடுப்பில் முடிந்திருந்த நகையை வழியில் அரிசிக்குக் கொடுத்துவிட்டார். பேரேட்டை மட்டும் வேட்டியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார் என்று அப்பத்தா சொல்வார்.

உயிர் போகிற நேரத்தில் இதை ஏன் சுமந்தார் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. அது இருந்தால்தான் யார் யாருக்கு என்ன தர வேண்டும் என்று பிறகு உட்கார்ந்து பேச முடியும்.

வானத்திலிருந்து ஊர்மேல் குண்டு போடுவதைப் பற்றிக்கூட ஒரு காகிதம் இருந்தது. 1923-ல் ஹேக் நகரில் சட்டம் படித்தவர்கள் கூடி, பொதுமக்களை மிரட்டுவதற்காக விமானத்திலிருந்து குண்டு வீசக் கூடாது என்று விதி எழுதினார்கள். எந்த நாடும் அதை ஏற்றுக் கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தால் ரங்கூன் தப்பியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் காகிதம் கிழிக்கப்பட்டது என்று நீயும் சொல்ல முடியாது. எழுதி, அப்படியே மூலையில் போட்டுவிட்டார்கள்.

நம் செட்டிநாட்டுக் கொடுக்கல் வாங்கல் எப்படி நடந்தது என்று யோசித்துப் பார். முதலாளி இங்கே திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கடை ரங்கூனிலோ சைகோனிலோ பினாங்கிலோ நடக்கும். ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்குக்குப் போவார், பெரும்பாலும் சொந்தக்காரராகவே இருப்பார். சொந்தக்காரர்தானே என்று கணக்குக் கேட்காமல் விட்டார்களா? மாதா மாதம் கணக்கு வர வேண்டும், முடிவில் ஐந்தொகை என்ற மொத்தக் கணக்கு வர வேண்டும். சந்தேகம் வந்தால் கப்பல் ஏறிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அதனால் யாரும் யாரையும் திருடன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணக்கு வந்துகொண்டே இருந்ததால்தான் நம்பிக்கையும் இருந்தது.

இப்போது முடிந்துபோன அந்த ஒப்பந்தமும் அப்படித்தான் நடந்தது. ஆளுக்கு 1,550 அணுகுண்டுகளுக்கு மேல் தயார் நிலையில் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. எனக்குப் பெரிதாகப் படுவது மற்றது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் கணக்குக் கொடுத்தார்கள். வருஷத்துக்கு 18 தடவை வரை இவர்கள் ஆட்கள் அங்கேயும் அவர்கள் ஆட்கள் இங்கேயும் போய், ஏவுகணைத் தளத்தில் நின்று எண்ணிப் பார்க்கலாம். 2020-ல் கொரோனாவால் அந்தப் போக்குவரத்து நின்றது. 2023-ல் ரஷ்யா ஒதுங்கிக்கொண்டது. எண்ணிக்கை கூடப் போகிறதே என்று நீ பயப்படுகிறாய், சரி. எனக்குக் கணக்கு நின்றுபோனதுதான் அதைவிடப் பெரிய பயம். அடுத்தவன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவன், இருப்பதைவிட அதிகமாக இருக்கும் என்றுதான் நினைப்பான். நினைத்துவிட்டுத் தானும் அதிகமாக வாங்கி வைப்பான்.

கிழித்துப் போட்டதைச் சொன்னாய், நிறைவேறியதையும் சொல்ல வேண்டும். விஷவாயு போன்ற ரசாயன ஆயுதங்களைத் தடை செய்யும் உடன்படிக்கை 1997-ல் நடைமுறைக்கு வந்தது. உறுப்பு நாடுகள் தங்களிடம் இருப்பதாக ஒப்புக்கொண்டவை 72,000 டன்னுக்கு மேல். வெளியாட்கள் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றாக அழித்து, 2023 ஜூலையில் கடைசிக் குண்டையும் முடித்தார்கள். நம் நாடும் தன்னிடம் இருப்பதை 1997-ல் ஒப்புக்கொண்டு, 2009-க்குள் அத்தனையையும் அழித்துவிட்டது. சிரியா மாதிரி பொய்க்கணக்குக் காட்டியவர்களும் உண்டு. ஆனால் அது பொய் என்று போய்ப் பார்த்து எழுதிவைக்க ஆட்கள் இருந்தார்கள் இல்லையா?

நம் பங்காளிச் சண்டைக்கு வருகிறேன். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பர் 31 அன்று ஓர் ஒப்பந்தம் போட்டன. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்கக் கூடாது. எது எது அணு நிலையம் என்று ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் பட்டியல் மாற்றிக்கொள்ள வேண்டும். 1992-ல் தொடங்கியது. கார்கில் சண்டைக்குப் பிறகும் கொடுத்தார்கள். நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து மூன்று வாரத்துக்குள், எல்லையில் படை குவிந்துகொண்டிருந்தபோதும் கொடுத்தார்கள். மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம் கழித்தும் கொடுத்தார்கள். போன வருஷம், 2025 மே மாதச் சண்டைக்குப் பிறகு, இந்த ஜனவரி 1 அன்றும் டெல்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில் கொடுத்தார்கள். பேச்சுவார்த்தை இல்லை, விமானப் போக்குவரத்து இல்லை, கிரிக்கெட் அணிகள் கைகூடக் குலுக்குவதில்லை. ஆனாலும் பட்டியல் போனது.

மே 7 அன்று கல்பாக்கத்தில் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்த சாயங்காலம் நீ எனக்குப் போன் செய்தது நினைவிருக்கிறதா? பேரன் வீட்டுக்கு வந்துவிட்டானா என்று பேச்சுக்கு நடுவில் இரண்டு தடவை உள்ளே குரல் கொடுத்துக் கேட்டாய். உன் குரலை அப்படி நான் கேட்டதே இல்லை. அந்தச் சண்டை நின்றதும் ஒரு போனால்தான். 10-ஆம் தேதி பிற்பகல் 3.35-க்குப் பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர் நம் தலைமை இயக்குநரைக் கூப்பிட்டார், 5 மணியிலிருந்து நிறுத்தம் என்று நம் வெளியுறவுச் செயலர் அறிவித்தார். பின்னால் யார் யார் பேசினார்கள் என்பதில் இன்னும் தகராறு இருக்கட்டும். கூப்பிட ஒரு போன் இருந்தது, எடுக்க ஓர் ஆள் இருந்தார். சண்டை இல்லாத நாளிலும் அந்த லைனை வேலை செய்ய வைத்திருந்தவர்களுக்கு நான் கும்பிடு போடுகிறேன்.

இதில் நம் பக்கத்து ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1962 செப்டம்பரில், தன் 83-வது வயதில், ராஜாஜி வாஷிங்டன் போய்க் கென்னடியைப் பார்த்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டார். காந்தி அமைதி நிறுவனம் அனுப்பிய குழு அது, கையில் எந்தப் பதவியும் இல்லை. அடுத்த மாதமே கியூபா நெருக்கடி வந்து உலகம் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. 1963 ஆகஸ்டில் வானத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் சோதனை கூடாது என்று மாஸ்கோவில் கையெழுத்தானது. அவர் சொல்லித்தான் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போய்ச் சொன்னார். இதையெல்லாம் இங்கே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை.

எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் நாம் சேராததை நான் குறை சொல்லவில்லை. 1967-க்கு முன் வெடித்தவன் வைத்துக்கொள்ளலாம், மற்றவனுக்குக் கிடையாது என்பது என்ன நியாயம்? ஆனால் கண்ணிவெடித் தடை உடன்படிக்கைக்கு வெளியே நாம் ஏன் நிற்கிறோம்? இலங்கை 2017-ல் சேர்ந்துவிட்டது. அங்கே வடக்கில், முகமாலையில் தமிழ்ப் பெண்கள் முழங்காலில் உட்கார்ந்து, மண்ணைச் சாணளவு சாணளவாகச் சுரண்டி வெடி எடுக்கிறார்கள். அவர்களில் பலர் போரில் வீட்டு ஆண்களை இழந்தவர்கள். புதைத்தவனிடம் சரியான வரைபடம் இருந்திருந்தால் அந்த வேலை பாதியாகியிருக்கும். அங்கேயும் கணக்கு இல்லாததுதான் கஷ்டம்.

ரொம்ப நீட்டிவிட்டேன். ஆத்தங்குடிக் கல் பதிக்கிற ஆள் வாசலில் காத்திருக்கிறார். முகப்பில் நாலு கல் உடைந்திருக்கிறது, அதே பூ இப்போது போடுவதில்லை என்கிறார், மாதிரி காட்ட வேண்டும்.

அப்புறம் ஒரு விஷயம். பேரேட்டின் கடைசி வரியில் மாகாணி, முந்திரி என்ற பழைய பின்னக் குறியெல்லாம் போட்டு ஒரு தொகை இருக்கிறது. அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு சொல் வேறு. எனக்குப் படிக்க வரவில்லை. உனக்குத்தான் பழைய கணக்கெழுத்து நன்றாக வரும். போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று பேத்தி சொன்னாள். வேண்டாம், நீ வந்தே பார். பெட்டியைப் பூட்டவில்லை, மேசைமேல் எடுத்து வைத்திருக்கிறேன்.

என்றும் உன்
பங்காளி