சந்தையில் வாங்கிய குதிரையை அவசரப்பட்டுப் பழக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தையில் மார்வாரி, கத்தியவார், நொக்ரா எனப் பல ரகக் குதிரைகள் கைமாறுகின்றன. முதன்முறையாக வாங்குகிறவர்கள் பலர் வீட்டுக்கு வந்த வாரத்திலேயே முதுகில் ஏறப் பார்க்கிறார்கள். குதிரை மிரளும், சாட்டை வரும், பிறகு முரட்டுக் குதிரை என்று பெயராகிவிடும்.

கயிற்றை எப்போது தளர்த்துகிறோம் என்பதை வைத்தே குதிரை கற்றுக்கொள்கிறது. முன்னால் நடத்தும்போது வெடுக்கென்று இழுக்காமல் சீராக இழுத்துப் பிடிக்க வேண்டும். காலை எடுத்து வைக்கும் முன்பே அதன் எடை முன்பக்கம் சாயும். மார்புத் தசையைப் பார்த்தால் தெரியும். அந்தக் கணமே கயிறு தளர வேண்டும். 3, 4 விநாடி தாமதித்தால் எதற்காகத் தளர்ந்தது என்று அதற்குப் புரியாது. முன்னங்காலைத் தூக்கி எழும்போது பயந்து விட்டுவிட்டாலோ, எழும்பினால் விடுவார்கள் என்று மனதில் பதிந்துவிடும். அதை மாற்ற மாதக்கணக்காகும். ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் போதும்.

நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் குதிரைக்குக் கண் தெரியாது. தோள்பக்கமாகப் பேசிக்கொண்டே நெருங்க வேண்டும். சேணம் பூட்டும் முன், மடித்த சாக்கை இரு பக்கமிருந்தும் முதுகில் போட்டு எடுத்துப் பழக்க வேண்டும். இடப்பக்கம் பழகிய பொருளுக்கே வலப்பக்கம் மிரளும். வயிற்று வாரை ஒரேயடியாக இறுக்கினால் துள்ளி உதறும். ஒரு துளை இறுக்கி, பத்தடி நடத்தி, பிறகு அடுத்த துளை. காது பின்னால் படிந்து வாலை விசிறினால் ஒரு படி பின்வாங்கி, அமைதியாக நின்றதும் அன்றைய வேலையை முடித்துவிடலாம். தலை தாழ்ந்து, கீழுதடு தளர்ந்து, பெருமூச்சு விட்டால் அடுத்த படிக்குப் போகலாம்.

கடிவாளத்தை இழுத்ததும் தலையை மேலே வீசும் குதிரைக்குத் திமிர் என்பார்கள். முதலில் வாயைப் பாருங்கள். மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பும் கீழ்ப் பற்களின் உள் விளிம்பும் கூர்மையாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். கால்நடை மருத்துவர் அரத்தால் ராவிவிட்டால் பல குதிரைகள் அதோடு அடங்கிவிடும்.

3 வயதுக்கு முன் ஏறவே கூடாது. முதுகெலும்பின் வளர்ச்சி முடிய 5, 6 வயதாகும். ஆள், சேணம் இரண்டின் எடையும் சேர்ந்து குதிரை எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 300 கிலோ குதிரைக்கு 60 கிலோ.

முள் வைத்த கடிவாளத்துக்கு 1965-ம் ஆண்டின் சுமை விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளிலேயே தடை உள்ளது. வாய் கிழிந்த குதிரை எந்தக் கையையும் நம்பாது. கால்நடை பராமரிப்புத் துறை சந்தையில் ஒரு கொட்டகை போட்டு, கடிவாளங்களைச் சோதித்து, பல்லைப் பார்த்து, குதிரையின் வயதையும் போட்ட ஊசிகளையும் ஓர் அட்டையில் எழுதி வாங்குகிறவரிடம் கொடுக்க வேண்டும்.

– குதிரைப் பயிற்சியாளர், ஈரோடு மாவட்டம்