‘இன்றிரவு’ என்றால் எந்த இரவு?

ஆசிரியருக்கு,

கைத்தொலைபேசியில் பரவும் வதந்திகள் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். முழுப் பழியையும் பகிர்கிறவர்கள்மேல் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை.

போன மாரியில் எங்கள் ஊர்க் குழுவில் ஒரு செய்தி வந்தது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் இன்றிரவு திறக்கப்படும், கனகராயன் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் அவதானம் என்று. வெளியே மழையும் விட்டபாடில்லை. 2018 மார்கழி வெள்ளத்தைக் கண்ட சனம் நாங்கள், யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்மூட்டைகளை உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு, பேரப்பிள்ளைகளோடு பாடசாலைக்குப் போய்ப் படுத்தோம். விடிய விசாரித்தால், அது முந்திய வருடத்துச் செய்தியாம். பொய்ச் செய்தி இல்லை. அனுப்பியவரும் நல்ல மனிதர்தான். ‘இன்றிரவு’ மட்டும் வேறோர் இரவு.

நான் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவன். உறையில் விழுந்த முத்திரையைப் பார்த்தாலே எந்த ஊரில், எந்த நாளில் போட்ட கடிதம் என்று சொல்லிவிடுவோம். கணினி வழியே கலந்துரையாடலைத் தொடக்கிய ஆட்களுக்கும் இந்தப் புத்தி இருந்திருக்கிறது. யூஸ்நெற் என்ற அந்தக் கலந்துரையாடல் வலையமைப்புக்கு 1983இல் ஒரு செய்தி வடிவத்தை எழுதி வைத்து, 1987இல் திருத்தினார்கள். அதன்படி அனுப்புபவர், திகதி, எந்தக் குழுவுக்கு, என்ன விடயம், வேறெந்தச் செய்திக்கும் இல்லாத ஓர் அடையாளம், வந்த வழி என்று ஆறு தலைப்பு வரிகள் கட்டாயம். வந்த வழி என்பது எங்கள் முத்திரையேதான்: செய்தி கடந்துபோகும் ஒவ்வொரு கணினியும் தன் பெயரை அந்த வரியில் சேர்த்துவிடும். பதில் எழுதினால் எந்தச் செய்திக்குப் பதில் என்று அதன் அடையாளத்தையும் குறிக்க வேண்டும். செய்தி எந்த நாளோடு காலாவதியாகும் என்று எழுதவும் ஒரு வரி இருந்தது. விரும்பினால் சேர்க்கலாம்.

அடுத்த திருத்தம் 2009 கார்த்திகையில்தான் வந்தது. அதற்கான செயற்குழு தொடங்கியது 1997இல்! அந்தக் கார்த்திகையில் எங்களில் பலர் போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களில் இருந்தோம். யார் எந்த வலயத்தில் என்று கேட்டுக் கடதாசித் துண்டுகள் கைமாறின. அவற்றில் பலவற்றில் திகதியே இராது.

சரி, இப்போது எங்கள் கைத்தொலைபேசியில் இருக்கும் செயலிகளுக்கு வருவோம். ஒவ்வொரு செய்திக்கும் அனுப்பிய நேரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இன்னொருவருக்குப் பகிர்ந்தவுடன் செயலி பழைய உறையைக் கிழித்து எறிந்துவிட்டு, புது உறையில் இன்றைய நேரத்தைக் குத்திவிடுகிறது. எழுதியவரின் பெயர் இல்லாமல் போவதற்கு ஒரு நியாயம் உண்டு. பெயரும் கூடவே பயணம் செய்தால் என்ன நடக்கும் என்று வன்னியில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. திகதியை மறைப்பதால் யாருக்குப் பாதுகாப்பு? இதை ஒரு நிறுவனம் மட்டும் திருத்தினால் போதாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி தாவும்போதும் முதல் திகதி கழன்றுவிடாமல் இருக்க, எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு பொது வடிவம் வேண்டும்.

அனர்த்த எச்சரிக்கைகளுக்கு அப்படியொரு பொது வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. 2004இல் வந்தது, 2010இல் புதுப்பித்தார்கள். செய்தியின் அடையாளம், அனுப்பிய நேரம், எதுவரை செல்லுபடியாகும், முந்திய எந்த அறிவித்தலை இரத்துச் செய்கிறது என்பதற்கெல்லாம் அதில் தனித்தனி இடம் உண்டு. தொலைபேசிக்காரர்கள் திருந்தும்வரை, எங்கள் குழுக்களுக்கு அறிவித்தல் எழுதுகிறவர்கள் இவற்றைச் செய்தியின் முதல் வரியிலேயே எழுதலாமே. கடிதத் தலைப்பைப் படம் பிடித்துப் போட்டால் யாராவது திகதியை வெட்டிவிடுவார்கள். ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்களையும் அறிவித்தல்களில் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர்,
முரசுமோட்டை.