டுபாய் ஒபிஸுக்குப் போறதோ விடுறதோ

வெள்ளவத்தை
ஞாயிறு மத்தியானம்

மச்சான்,

உன்ர மெயில் வந்து ரெண்டு கிழமை, பதில் போடேல்லை எண்டு கோவிக்காதை. தெகிவளையில ஒரு வீட்டு வேலை நடக்குது, ஸ்லாப் போடுற நாளாப் பாத்து மழை கொட்டுது, மேசன் பாஸ் என்னைப் பாக்கிறார், நான் வானத்தைப் பாக்கிறன்.

சரி, உன்ர விசயம். பெரிய ஆர்க்கிடெக்ட் கொம்பனி, டுபாய் ஒபிஸ், போறதோ விடுறதோ எண்டு கேட்டிருக்கிறாய். நான் அங்க நாலு வருசம் இருந்தனான் தானே, வேற கொம்பனி, ஆனா எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான்.

முதல்ல விளங்கிக்கொள், டிசைன் பண்ண உன்னைக் கூப்பிடேல்லை. எங்களுக்கு கொன்செப்ட் எல்லாம் லண்டன் ஹெட் ஒபிஸில முடிஞ்சுதான் வரும், நாங்கள் அதை முனிசிபாலிட்டியும், நெருப்புப் பாதுகாப்பைப் பாக்கிற சிவில் டிஃபென்ஸும் பாஸ் பண்ணுற மாதிரி மாத்தி, ரெவிட் எண்ட கொம்பியூட்டர் சொஃப்ட்வெயார்ல டீட்டெய்ல் கீறிக் குடுக்கிறது. பதினாலு மாசம் நான் ஒரு ஹோட்டல் டவரின்ர பாத்ரூம் மட்டும் கீறினன் மச்சான், டைல் எந்த மூலையில தொடங்கோணும், தண்ணி எந்தப் பக்கம் வடியோணும், இதுதான் சீவியம். "எந்தக் கட்டடம் தம்பி நீ கட்டினது" எண்டு அம்மா கேக்க படத்தை அனுப்பி, உந்தக் கண்ணாடிக்குப் பின்னால இருக்கிற பாத்ரூம் எண்டன். மனிசி கொஞ்ச நேரம் பேசேல்லை, பேந்து சாப்பிட்டியோ எண்டு கேட்டா.

அப்ப எங்களுக்கு ஞாயிறில இருந்து வியாழன் வரை வேலை, லண்டன்காரருக்குத் திங்கள் தொடங்கி வெள்ளி. ஞாயிறு சந்தேகம் வந்தா கேக்க ஆளில்லை, வெள்ளி லீவெண்டு படுத்தா மெயிலாக் கொட்டுவாங்கள். 2022 ஜனவரியில அங்கத்தை அரசாங்கம் வார லீவை சனி ஞாயிறுக்கு மாத்தினபடியா உனக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஆனா குளிர் காலத்தில நாலு மணித்தியால வித்தியாசம், அவங்கட பின்னேர மீட்டிங் உனக்கு இரவுச் சாப்பாட்டு நேரம்.

சைன் வைக்க முதல் பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், எவ்வளவு எண்டு பார். அலவன்ஸ் எல்லாம் சேத்துப் பெரிய நம்பராக் காட்டுவாங்கள், விட்டுட்டு வரேக்க தாற கிராஜுவிட்டிக் காசின்ர கணக்கு பேசிக்கில மட்டும்தான், முதல் அஞ்சு வருசத்துக்கு வருசம் 21 நாள் சம்பளம். எனக்கு இது கடைசி மாசம்தான் தெரிய வந்தது, மடையன்.

வயசு போகுது எண்டு எழுதியிருக்கிறாய், விசர்க்கதை. ஜெப்ரி பாவா முதல் லோயர், ஆர்க்கிடெக்டா பாஸ் பண்ணேக்க 38 வயசு.

கொழும்பில பேர வாவிப் பக்கம் பஸ்ஸில போகேக்க அல்டயர் எண்ட அபார்ட்மென்ட் கட்டடம் தெரியும், ஒண்டில ஒண்டு சாஞ்ச ரெண்டு டவர். மோஷே சாஃப்டியின்ர டிசைன், அவற்ர ஒபிஸ் அமெரிக்காவில பொஸ்டன் பக்கம். இதின்ர பாத்ரூமைக் கீறினவன் எங்க இருந்து கீறினானோ, வந்து பாத்தானோ எண்டுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் யோசனை.

எண்டாலும் போ எண்டுதான் சொல்லுவன். டிசைனோ டீட்டெய்லோ, எந்த ஸ்டேஜ் வேலை எண்டதை மட்டும் எழுத்தில கேட்டு வாங்கு. பாத்ரூம் கீறினதும் வீண் போகேல்லை: நேற்று தெகிவளையில ஏணியில ஏறினவுடனயே கண்டன், பாத்ரூம் வாற இடத்தில தண்ணி வடியிறதுக்கு ஸ்லாப்பைக் கொஞ்சம் இறக்காமல் மட்டமா ஷட்டர் பலகை அடிச்சு வைச்சிருக்கிறாங்கள். மழை வராட்டி கொங்கிரீட்டும் போட்டிருப்பம். பாஸின்ர மூஞ்சையைப் பாத்திருக்கோணும் நீ.

இரவு எத்தினை மணியெண்டாலும் கோல் எடு, எனக்கு இப்ப லண்டன் மீட்டிங் இல்லை.