தாய்லாந்தில் பாக் தாலே போயிருக்கும் தம்பிக்கு

தம்பி,

கரண்டிமூக்கு உள்ளான் படம் வந்து சேர்ந்தது. கொஞ்சம் மங்கல்தான், ஆனாலும் அலகு நுனி தட்டையாக விரிவது தெரிகிறது, சந்தேகமே இல்லை. உலகத்திலேயே சில நூறுதான் மிச்சம் என்கிற பறவையை என் பிள்ளை பார்த்துவிட்டான் என்று சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் வழக்கம்போல அந்தப் பேச்சை எடுத்தார், நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆனால் பறவை தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மேயும்போது அது லேசில் நிமிராது. மூக்கைச் சேற்றுத் தண்ணீரில் வைத்தபடியே இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நடக்கும். பக்கத்தில் மற்ற சின்ன உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்தும். கூட்டத்தில் அதை அடையாளம் பிடிப்பதே அந்த நடையை வைத்துத்தான். நிமிர்ந்து பார்க்கிறதென்றால் நீ ரொம்பக் கிட்டே போய்விட்டாய். பாக் தாலே உப்பளத்தில் துரத்தவே வேண்டாமே! கடல் ஏறினால் வெளியே சேற்றுத்திட்டு முழுகிவிடும், பறவைகள் தாமாகவே பாத்திக்கு வரும். அதற்கு முன்னால் போய் வரப்பில் உட்கார்ந்துவிடு. காலில் ஆராய்ச்சிக்காரர்கள் மாட்டிய சின்ன அடையாளக் கொடி இருந்தால் நிறம், எழுத்து, எந்தக் கால் என்று குறித்துக்கொள், எழுத்தைப் படிக்கவென்று கிட்டே போகாதே. ரஷ்யாவின் வடகிழக்கு மூலையிலிருந்து ஏறக்குறைய 8,000 கிலோமீட்டர் பறந்து வந்தது, அதை எழுப்பி விடாதே.

அப்புறம், படத்தின் மூலையில் தேதி விழுந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. அதற்கு முந்தையது வியாழன். நாகாலாந்தில் தோயாங் அணைப்பக்கம் எடுத்த அமூர் வல்லூறு படங்களும் அப்படித்தான். லீவு போட்டிருப்பாய், சரி. உங்கள் ஆபீசில் தாராளமாக லீவு தருகிறார்கள் போலிருக்கிறது, நல்லதுதான். 2012-இல் வலை விரித்துக் கூட்டம் கூட்டமாக வல்லூறுகளைப் பிடித்த ஊர்க்காரர்கள் அடுத்த வருஷமே வலையைச் சுருட்டிவிட்டார்கள் என்று நீ சொன்னதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பிழைப்பை விட்டவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று மட்டும் நீ சொல்லவில்லை.

கரண்டிமூக்கில் குஞ்சு பொரித்த கொஞ்ச நாளிலேயே தாய் கிளம்பிவிடும், தகப்பன்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும். பிறகு அதுவும் போய்விடும், குஞ்சுகள் தாமாகவே வழி தேடித் தெற்கே வரும். வந்தவை அடுத்த கோடையில் திரும்பிப் போகாமல் தெற்கேயே தங்கிவிடும். இதை அம்மாவிடம் சொன்னேன். "அது குஞ்சு, உங்கள் மகனுக்கு என்ன வயசு?" என்றாள்.

கிட்டே மட்டும் போகாதே. தூரத்திலிருந்து பார்க்க உன் பழைய பைனாகுலர் போதாதென்றால் சொல், நல்ல ஸ்கோப்பாக வாங்கப் பணம் அனுப்புகிறேன். ஸ்கோப்புக்குத்தான் என்றில்லை, எதற்கென்றாலும் சொல். அம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன்.

அப்பா