சந்திகளில் எமது கல்லே நிற்கட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்துச் சந்திகளில் சிலை எழுப்புவதென்றால் சீமெந்தால் வார்த்து வர்ணம் பூசிய உருவமொன்றைப் பீடத்தில் ஏற்றிவிடுவதே பெரும்பாலும் வழமையாகிவிட்டது. சில மாரிகள் கடந்ததும் வர்ணம் உரிந்து, உட்கம்பி துருவேறி, உருவத்தின் விரல்கள் வெடிக்கத் தொடங்குகின்றன. உப்புக்காற்று படும் இடங்களில் இந்தச் சேதம் இன்னும் விரைவானது.

எமது குடாநாடு, பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்திய மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்தது. மலையோ வற்றாத ஆறோ இல்லாத இந்நிலத்தின் விசித்திரமெல்லாம் அடியிலேதான் இருக்கிறது. மழைநீர் கல்லைக் கரைத்துக் குடைந்த வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்கும் நீரே எமது கிணறுகளுக்கு ஊற்று. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அந்த மறைவுலகின் வெளித்தெரியும் வாசல்கள். கந்தரோடையின் சிறு தூபிகளையும், கோட்டை மதில்களையும், நெடுந்தீவின் வேலிகளையும் முருகைக்கல் எனும் பவளக்கல்லிலும் சுண்ணாம்புக்கல்லிலும் கட்டிய மண்ணில், பொதுவெளிச் சிற்பத்துக்கு மட்டும் அந்தக் கல் ஆகாமற் போனது ஏன்?

இக்கல் கருங்கல்லைப் போல நுண்ணிய செதுக்கலைத் தாங்காது என்பது உண்மையே. கண், மூக்கு, நகையெல்லாம் காலப்போக்கில் அரிபட்டுப்போகும். ஆகவே மனித உருவங்களை விட்டு, அகன்ற, எளிய வடிவங்களை நாடுவதே பொருத்தம். அதற்கு முன்மாதிரியை வெளியே தேடவேண்டியதில்லை. தலைச்சுமையைப் பிறர் உதவியின்றி இறக்கி வைக்கும் உயரத்தில், இரு நிலைக்கற்களின் மேல் குறுக்குக்கல் கிடத்திய சுமைதாங்கியும், தண்ணீர்த் தொட்டியருகே நட்ட ஆவுரஞ்சிக்கல்லும் எமது ஊர்களின் வீதியோரச் சிற்பங்களே. மாடுகள் தலைமுறை தலைமுறையாக முதுகுரசிய பக்கம் வழவழப்பாகவும், மறுபக்கம் சிப்பிப் படிமங்களோடு சொரசொரப்பாகவும் இருக்கும் ஆவுரஞ்சிக்கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தவருக்கு நான் சொல்வது விளங்கும். வீதி அகலிப்பின்போது பிடுங்கி ஓரத்தில் எறியப்பட்டவற்றை முதலில் மீட்டு நிறுத்துவதற்குப் பெருஞ்செலவும் ஆகாது.

புதிய சிற்பங்களுக்கு, யாழ். பல்கலைக்கழகத்தில் சித்திரமும் வடிவமைப்பும் பயிலும் மாணவரிடமிருந்து வடிவங்களைக் கோரி, மக்கள் பார்வைக்கு வைத்தபின் தெரிவுசெய்ய உள்ளூராட்சி மன்றங்கள் முன்வரவேண்டும்.

ஒரு நிபந்தனை உண்டு. கிணறும் அத்திவாரமும் வெட்டும்போது வெளிவரும் கற்களும், இடிந்த பழைய வீடுகளின் கற்களுமே இதற்குப் பயன்படவேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காகக் கல் அகழ்ந்த பள்ளங்கள் இன்னும் எம் கண்முன் கிடக்கின்றன. நன்னீரைத் தாங்கும் பாறையைச் சிற்பத்தின் பெயரால் மேலும் தோண்ட அனுமதி வழங்கப்படுமானால், இக்கோரிக்கையை மீளப் பெற்றுக்கொள்ளும் முதல் ஆள் நானாகவே இருப்பேன்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
கோப்பாய்.